10 ரூபா நோட்டு சுத்துற டிரம்முக்கு பேடன்ட் வாங்கின கதை: எக்ஸாமினேஷனுக்கு நாலு ஸ்டார், ஏஜென்ட்டுக்கு ஒண்ணரை

பேடன்ட் ஏஜென்ட், அதாவது நம்ம கண்டுபிடிப்புக்கு உரிமை கேட்டு விண்ணப்பம் எழுதி நடத்திக் குடுக்கறவரு, நல்லவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கன்னு மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் எனக்கு போன் பண்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் முக்கா மணி நேரம் பேசி தொண்டை வத்துனதுதான் மிச்சம், அதனால ஒரே தடவையா எல்லாத்தையும் எழுதிப் போட்டுடறேன், இனிமே கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிக்கறேன். ஏஜென்ட் பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில எதிரெதிர உக்கார்ற ஆளுங்க நாங்க.

நமக்கு கோயமுத்தூர்ல சின்ன ஒர்க்‌ஷாப். ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், என்னோட சேத்து ஆறு பேரு. காசு வாங்குற மிஷினுக்கு உள்ள போற மெக்கானிசம் செஞ்சு குடுக்கறோம். மஞ்சப்பை மிஷின் பாத்திருப்பீங்கல்ல, 10 ரூபா போட்டா துணிப்பை வந்து விழுமே, அந்த மாதிரி சின்னக் காசு வாங்குற மிஷின் எதுவா இருந்தாலும் அதுக்கு எமன் 10 ரூபா நோட்டுதான். 500 ரூபா நோட்டு மொடமொடன்னு போயிரும், கவலையே இல்ல. 10 ரூபா நோட்டு டீக்கடை, டவுன் பஸ்ஸு, சந்தைன்னு அலைஞ்சு அலைஞ்சு துவைச்ச துணி கணக்கா ஆயிருக்கும், ஓரம் மடிஞ்சு, நடுவுல கிழிஞ்சு செலோ டேப் ஒட்டி, சிலதுல குங்குமம் வேற. போதாக்குறைக்கு சைஸும் ரெண்டு. பழைய நோட்டு 137 மி.மீ நீளம், 2018ல வந்த காப்பிக்கலர் நோட்டு 123தான், அகலம் ரெண்டுக்கும் 63. ரெண்டும் புழக்கத்துல இருக்கறதால மிஷின் ரெண்டையும் வாங்கியாகணும்.

வாங்குன நோட்ட உள்ள வெக்கறதுக்கு ரெண்டு வழி. பெட்டியில அடுக்கலாம், அது சுலபம், ஆனா உள்ள போனது போனதுதான், சில்லறையா திருப்பிக் குடுக்கறது கஷ்டம். இல்லன்னா டிரம்முல சுத்தலாம். மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் டேப், ஒரு முனை பாபின்ல, இன்னொரு முனை டிரம்முல, டிரம் சுத்தச் சுத்த டேப்போட நோட்டும் சேந்து பாய் சுருட்டற மாதிரி சுருண்டு உள்ள போயிரும், ரிவர்ஸ்ல சுத்துனா கடைசியா போன நோட்டு முதல்ல வெளிய வரும். 20 ரூபா போட்டவருக்கு 10 ரூபா திருப்பித் தரலாம். பெரிய கேஷ் மிஷின்கள்ல இதெல்லாம் எப்பவோ வந்தாச்சு, நாங்க கண்டுபிடிச்சது இது இல்ல.

சிக்கல் எங்கன்னா, எங்க டிரம் காலியா இருக்கறப்ப விட்டம் 40 மி.மீ, 60 நோட்டு சுத்துனதும் 60ஐத் தாண்டிரும். டிரம் பெருத்துட்டே போனா நோட்டு நுழையற வாயும் நகந்துட்டே போகும், முன்னாடி நேரா இருந்த வழி இப்ப கோணலாயிரும். அந்தப் பக்கம் பாபின்ல டேப் தீந்துட்டே வரும், 30 மி.மீ இருந்த பாபின் 20க்கு இளைச்சிரும், ஆனா பாபினுக்குப் போட்ட பிரேக் அதே பிரேக், அப்ப டேப்போட இழுவை ஒண்ணரை மடங்கு ஏறிரும். இழுவை ஏறுனா மேல் சுத்து இறுகி, உள்ள இருக்கற நைஞ்ச நோட்டெல்லாம் கசங்கி, திருப்பி எடுக்கறப்ப சாஞ்சுட்டு வந்து வாயில சிக்கும். கஸ்டமர் மிஷின ரெண்டு தட்டு தட்டுவாரு. அப்புறம் நமக்கு போன் வரும்.

நாங்க பண்ணது ஒரே ஒரு கை. டிரம் மேல ஸ்பிரிங்கோட சாஞ்சு படுத்திருக்கும். அதோட நுனியில சீப்பு மாதிரி ஒரு கைடு. டிரம் பெருத்தா கை தூக்கும், சீப்பும் கூடவே தூக்கும், நோட்டு நுழையற சந்து எப்பவும் ஒரே அளவு. அதே கையோட பின்பக்க வாலு பாபின் பிரேக்க அமுக்கிட்டு இருக்கும், முன்னாடி கை தூக்கத் தூக்க பின்னாடி வாலு விலகி பிரேக் இளகும். சென்சார் கிடையாது, போர்டு கிடையாது, ஒரு கைக்கு ரெண்டு வேலை. எங்க ஃபோர்மேன் அண்ணன் போட்ட ஐடியா இது, பேடன்ட்ல இன்வென்டர்னு முதல் பேரு அவரோடதுதான். (இத ஏன் சொல்றேன்னா, முதலாளி பேர மட்டும் போட்டாப் போதும்னு ஏஜென்ட் சொன்னாரு. அப்படிப் போடக்கூடாது. யாரு கண்டுபிடிச்சாங்களோ அவங்க பேரு போகணும், ஒர்க்‌ஷாப் விண்ணப்பதாரரா மட்டும் இருக்கலாம்.)

சரி, ஏஜென்ட். அவருக்கு ஒண்ணரை ஸ்டார் குடுக்கறேன், அந்த ஒண்ணரையும் எதுக்குன்னு சொல்லிடறேன். 2022 ஆரம்பத்துல, இந்த யூனிட்ட கொடிசியாவுல ஒரு எக்ஸ்போல வெச்சுக் காட்டலாம்னு ஸ்டால் வரைக்கும் பேசியாச்சு. இவருதான் போன்ல கத்துனாரு, சார் ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஊருக்குக் காட்டுனீங்கன்னா அது புதுசுங்கற தகுதியே போயிரும்னு. உண்மைதான். அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சின்னா மட்டும் ஒரு சலுகை இருக்கு, காட்டின 12 மாசத்துக்குள்ள ஃபைல் பண்ணலாம், சாதா எக்ஸ்போவுக்கெல்லாம் அது செல்லாது. அந்த ஒரு போன்கால் இல்லன்னா இந்தக் கதையே இல்ல. அதுக்காக அவருக்கு எப்பவும் ஒரு கும்பிடு.

அதுக்கப்புறம்தான் எல்லாம். மார்ச் 2022ல ப்ரொவிஷனல்னு ஒரு முதற்கட்ட விண்ணப்பம் போட்டோம், அது போட்டா 12 மாசத்துக்குள்ள முழு ஸ்பெசிஃபிகேஷன், அதாவது கண்டுபிடிப்ப முழுசா விளக்கற பேப்பர் குடுக்கணும். குடுக்கறதுக்கு முன்னாடி, இதே மாதிரி ஏற்கெனவே யாராச்சும் பண்ணியிருக்காங்களான்னு தேடற சர்ச்னு 8,000 வாங்குனாரு. மூணு டாக்குமென்ட் வந்துச்சு, ஒண்ணு ஏடிஎம் கதவு பூட்டு, ஒண்ணு உண்டியல், இன்னொண்ணு என்னன்னே புரியல. பாருங்க சார் உங்களுது மாதிரி உலகத்துலயே இல்லன்னாரு. எனக்கும் குளுகுளுன்னு இருந்துச்சு, 8,000 ரூபா குடுத்து நம்மள நாமளே பாராட்டிக்கிட்ட மாதிரி.

அப்புறம் டிராஃப்ட் வந்துச்சு. 36 பக்கம், 14 கிளெய்ம். (இதுதான் எங்களுதுன்னு உரிமை கேட்டு நம்பர் போட்டு எழுதற ஒவ்வொரு வாக்கியமும் ஒரு கிளெய்ம்.) அதுல ரூபா நோட்டுங்கற வார்த்தையே இல்ல, எல்லா இடத்துலயும் பேப்பர் ஷீட், பேப்பர் ஷீட், பேப்பர் ஷீட். ஃபோர்மேன் அண்ணன் அத என் அக்கா பையன் வாசிக்கக் கேட்டுட்டு, ஏனுங்க, நாம என்ன ஜெராக்ஸ் கடையா வெச்சிருக்கோம்னாரு. ஏஜென்ட் விளக்கம் சொன்னாரு, நோட்டுன்னு எழுதுனா நோட்டுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பேப்பர் ஷீட்னு எழுதுனா நோட்டு, டிக்கெட், செக்கு, கூப்பன் எல்லாம் அடங்கிடும்னு. கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா வலைய அகலமா விரிச்சா அதுல யாரு யாரு மீனெல்லாம் வந்து விழும்னு அவரு சொல்லல, அது பின்னாடி வருது.

என் சண்டை வேற எடத்துல. கைக்கு வாலு இருக்கறதும் அது பிரேக்க இளக்கறதும் டிராஃப்ட்ல எங்கயுமே இல்ல. கேட்டா, அது டீடெயில் சார், அதெல்லாம் சொன்னா கிளெய்ம் குறுகிடும், டிரம் அளவுக்கு ஏத்த மாதிரி நகர்ற கைடுன்னு பொதுவா விட்டுடுவோம்ங்கறாரு. எனக்கு சட்டம் தெரியாது, ஆனா நைஞ்ச நோட்டு சிக்காம வர்றதுக்கு காரணமே அந்த வாலுதானேன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் மல்லுக்கட்டி, கிளெய்ம்ல போடாட்டியும் பரவால்ல விளக்கத்துலயாவது போடுங்கன்னு சொல்லி, ஒரே ஒரு பாரா, பாரா 31, கூட ஃபோர்மேன் அண்ணன் பென்சில்ல போட்ட படம், படம் 4. எனக்காக வேண்டா வெறுப்பா சேத்துவிட்டாரு. இந்த பாரா 31ஐ ஞாபகம் வெச்சுக்கங்க.

அரசாங்க ஃபீஸ் விஷயம் சுருக்கமா. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தா ஃபார்ம் 28 குடுத்து சின்ன நிறுவனக் கணக்குல தனிநபர் கட்டற அதே ஃபீஸுதான், பெரிய கம்பெனிக்காரன் கட்டறதுல அஞ்சுல ஒரு பங்கு. விண்ணப்பம் 1,600. 10 கிளெய்முக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் 320, நமக்கு நாலு கூடுதல், 1,280. 30 பக்கத்துக்கு மேல பக்கத்துக்கு 160, ஆறு பக்கம், 960. சீக்கிரம் பிரசுரம் பண்ண ஃபார்ம் 9 போட்டா 2,500, இல்லன்னா 18 மாசம் காத்திருக்கணும். சீக்கிரம் பரிசோதிக்க ஃபார்ம் 18ஏ, 8,000. மொத்தம் 14,340. சாதா எக்ஸாமினேஷன் போதும்னா ஃபார்ம் 18, 4,000தான், ஆனா வரிசையில நிக்கணும். ஸ்டார்ட்அப், சின்ன நிறுவனம், விண்ணப்பதாரர்ல ஒருத்தர் பெண், இந்த மாதிரி சிலருக்குத்தான் 18ஏ. ஏஜென்ட் டிராஃப்டுக்கு 45,000 வாங்குனாரு. அரசாங்கத்துக்கு 14,000 சொச்சம், ஏஜென்டுக்கு சர்ச்சோட சேத்து 53,000. யாரு மலிவுன்னு நீங்களே பாத்துக்கங்க. ஒண்ணு மட்டும், எக்ஸாமினேஷனுக்கு தனியா கேட்டாத்தான் நடக்கும், ஃபைல் பண்ணிட்டோம்ல அவங்களே பாப்பாங்கன்னு சும்மா இருந்தா விண்ணப்பம் காலாவதி. 2024 மார்ச்சுல விதிய மாத்தி, அதுக்கப்புறம் ஃபைல் பண்றவங்களுக்கு அந்தக் கெடுவ 48 மாசத்துல இருந்து 31 மாசமா குறைச்சிட்டாங்க, பழைய கணக்குல இருக்கறவங்க முழிச்சுக்கங்க.

2023 ஜூலைல எஃப்இஆர் வந்துச்சு. ஃபர்ஸ்ட் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட். சென்னைல ஃபைல் பண்ணா சென்னைலயே பாப்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன், அப்படி இல்ல, நாட்டுல இருக்கற நாலு ஆபீஸ்ல எந்த எக்ஸாமினர்கிட்ட, அதாவது விண்ணப்பத்தப் பரிசோதிக்கற அதிகாரிகிட்ட வேணா போகும். முதல் பக்கத்துல ஒரு பட்டியல், புதுமை இருக்கா, கண்டுபிடிப்புத் திறன் (துறைக்காரருக்குத் தானா தோணாததா) இருக்கா, தொழில்ல பயன்படுமான்னு, பக்கத்துல ஆம் இல்லன்னு. கிளெய்ம் 1, புதுமை: இல்லை. கிளெய்ம் 2: இல்லை. கண்டுபிடிப்புத் திறன், 14க்கும் இல்லை. பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட் வாங்குன அன்னிக்குக்கூட எனக்கு வயித்துல இப்படிப் புளி கரைக்கல.

முதல் நாள் எக்ஸாமினர் மேல கோவம் கோவமா வந்துச்சு. ரெண்டாம் நாள், இது முன்னாடியே இருக்குன்னு அவரு காட்டுன பழைய டாக்குமென்ட்ட எடுத்துப் படிச்சேன். டி1, டி2, டி3ன்னு மூணு. டி1 ஜப்பான்ல இருந்து வந்தது, தலைப்பே பேப்பர் ஷீட் ஸ்டோரேஜ்னு ஆரம்பிக்குது, படத்தப் பாத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்னுருச்சு, டிரம், டேப், டிரம் மேல சாஞ்ச ஒரு கை, கை நுனியில கைடு. நம்ம ஒர்க்‌ஷாப்புல யாரோ போட்டோ எடுத்துட்டுப் போயி வரைஞ்ச மாதிரி. டி2ல பாபின் இளைக்க இளைக்க இழுவைய சரி பண்ண சென்சாரும் மோட்டாரும். டி3 ஒரு டிக்கெட் மிஷினோட தாள் வெக்கற தட்டு, அதுக்கும் நமக்கும் ஸ்நானப்பிராப்திகூட கிடையாது, ஆனா பேப்பர் ஷீட்டுன்னு நாமளே எழுதிட்டோமே, ஸ்பிரிங் வெச்ச கைடுன்னு கிளெய்ம் 2ல போட்டிருந்தது அதுல அப்படியே இருக்கு. வலை கதை ஞாபகம் இருக்குல்ல, இதுதான் அந்த மீன்.

8,000 ரூபா சர்ச்சுல இந்த டி1 ஏன் வரல? அக்கா பையன் ஒரு ராத்திரி உக்காந்து கண்டுபிடிச்சான். ஏஜென்ட் தேடுனது கரன்ஸி, நோட் பாக்ஸ், கேஷ்னு. ஜப்பான்காரங்க பேடன்ட்ல ரூபா நோட்ட நோட்டுன்னு அவ்வளவா எழுதறதில்ல, ஷியோருய்னு எழுதுவாங்க, தாள் வகையறான்னு அர்த்தம், அத இங்கிலீஷ்ல மாத்துனா பேப்பர் ஷீட்டுன்னு வரும். அதாவது ஏஜென்ட் நம்ம டிராஃப்ட்ல முப்பது தடவை எழுதுன அதே வார்த்தைய தேடறப்ப ஒரு தடவைகூட அடிக்கல! அதையும் விடுங்க, உலகம் முழுக்க பேடன்டுக்கு வகைப்பாட்டு நம்பர் இருக்கு. நோட்டு கையாளற மிஷினுக்கு ஜி07டி 11, தாளுங்கள ரோலா சுத்தறதுக்கு பி65எச் 29ல தனியா ஒரு எண். எஸ்பாஸ்நெட்ங்கற பேடன்ட் தேடற தளத்துல அந்த எண்ணப் போட்டுத் தேடுனா காசே இல்லாம வரிசையா வருது. டி1 நாலாவது பக்கத்துல இருந்துச்சு. ஃபைல் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை செலவு பண்ணி இத நீங்களே பண்ணுங்க, வார்த்தைய நம்பாதீங்க, எண்ணப் புடிங்க.

இதுல ஒண்ணு புரிஞ்சுச்சு, எக்ஸாமினர் என் மிஷின பாக்கல. பாக்கவும் மாட்டாரு. ஓடுதா ஓடலையா, நோட்டு சிக்குதா சிக்கலையா, அதெல்லாம் அவர் கேள்வியே இல்ல. அவருக்கு முன்னாடி இருக்கறது அந்த 36 பக்கம்தான், அதுல கிளெய்ம் 1ல என்ன எழுதியிருக்கோ அதுதான் என் மிஷின். கிளெய்ம் 1ல வாலு இல்ல. அப்ப என் மிஷினுக்கு வாலு இல்ல. அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. கூடவே சின்னச் சின்னதாவும் புடிச்சிருந்தாரு, ஒரு பக்கத்துல பார்ட் நம்பர் 14ன்னா சீப்பு, இன்னொரு பக்கத்துல அதே 14ன்னா ஸ்பிரிங். சுருக்கம் 150 வார்த்தைக்குள்ள இருக்கணும்னு விதி, நம்மளுது 212. கிளெய்ம்ல பார்ட் நம்பரே போடல. யாரும் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சு எழுதுனத ஒருத்தர் வரிவிடாம படிச்சிருக்காரு. ஒர்க்‌ஷாப்புல நான் டிராயிங் செக் பண்ற லட்சணத்துக்கு எனக்கே கூச்சமா போச்சு.

பதில் குடுக்க ஆறு மாசம். ஏஜென்ட் 18,000 கேட்டாரு, குடுத்தேன். நவம்பர்ல பதில் டிராஃப்ட் அனுப்புனாரு, ரெண்டே பக்கம், எக்ஸாமினர் தவறாப் புரிஞ்சுக்கிட்டாரு, டி1 வேற நம்மளுது வேற, மரியாதையோட மறுக்கிறோம், அவ்வளவுதான். ரெண்டாவது பக்கத்துல நடுவுல ஒரு வரி, எங்களோட கலவை வியத்தகு பலன் தருகிறதுன்னு. கலவையா? எந்தக் கலவை? வேற யாருக்கோ மருந்துக்கோ பெயின்டுக்கோ எழுதுன பதில எடுத்து பேர மட்டும் மாத்தியிருக்காரு, ஒரு எடத்துல மாத்த மறந்துட்டாரு. போன் பண்ணிக் கேட்டா, டைப்பிங் மிஸ்டேக் சார்ங்கறாரு. டிரம்ம கலவைன்னு அடிக்கற டைப்பிங் மிஸ்டேக்க நான் பாத்ததே இல்லிங்க.

அன்னிக்கே அவர விட்டுட்டேன். ஏஜென்ட் இல்லாம விண்ணப்பதாரர் தானே நடத்திக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு, டிஜிட்டல் சிக்னேச்சர் ஒண்ணு வாங்கணும் அவ்வளவுதான். அக்கா பையன் லா படிக்கறான், அவனும் நானும் ராத்திரி கடை சாத்துனப்புறம் உக்காந்து எழுதுனோம். இங்கதான் பாரா 31 வந்து காப்பாத்துச்சு. ஃபைல் பண்ணப்புறம் ஸ்பெசிஃபிகேஷன்ல புதுசா எதையும் நுழைக்க முடியாது, செக்‌ஷன் 59 அதுக்கு வழி விடாது, முன்னாடியே உள்ள சொல்லியிருக்கறத எடுத்து கிளெய்ம குறுக்கிக்கலாம், அகலப்படுத்த முடியாது. பாரா 31ம் படம் 4ம் இல்லன்னா வாலுன்னு ஒரு வார்த்தை கிளெய்ம்ல போட முடிஞ்சிருக்காது, கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கிளெய்ம் 1ல கை, நுனியில சீப்பு, மறுமுனையில பாபின் பிரேக்க அமுக்கற வாலு, கை தூக்குனா பிரேக் இளகும்னு நாலு வரியில எழுதுனோம். பேப்பர் ஷீட்ட அப்படியே விட்டோம், கிளெய்ம் 2ஐ தூக்கிட்டோம், மொத்தம் 9 கிளெய்ம். மாத்துனது எங்கன்னு அடிக்கோடு போட்டு ஒரு காப்பி, சுத்தமா ஒரு காப்பி. நம்பர் எல்லாம் சரி பண்ணி, சுருக்கத்த 140 வார்த்தைக்கு வெட்டி அனுப்புனோம்.

2024 பிப்ரவரியில ஹியரிங். நேர்ல போக வேண்டியதில்ல, வீடியோவுலதான். எக்ஸாமினர் ரிப்போர்ட் எழுதுவாரு, முடிவெடுக்கறது கன்ட்ரோலர், ஹியரிங்ல அவருதான் பேசுவாரு. மிச்சம் இருந்தது ரெண்டு ஆட்சேபம். டி1ஐயும் டி2வையும் சேத்தா இது வந்துருமேங்கறது ஒண்ணு. இன்னொண்ணு செக்‌ஷன் 3 எஃப், தெரிஞ்ச சாமான்களையே மாத்தி அடுக்கி, ஒவ்வொண்ணும் அதது பாட்டுக்கு தனியா வேலை செஞ்சா அது கண்டுபிடிப்பு இல்லன்னு.

நான் பெரிய புத்திசாலியா, டெமோ யூனிட்ட டேபிள் மேல வெச்சு, கேமராவ அதுக்கு நேரா திருப்பி, ஒரு நைஞ்ச 10 ரூபா நோட்ட கையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். ஃபோர்மேன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுட்டு பக்கத்துல. நோட்ட விடட்டுங்களான்னு கேட்டேன். கன்ட்ரோலர் லேசா சிரிச்சாரு. நல்லா இருக்கு, ஆனா இது ரெக்கார்டுல இல்ல, நீங்க காட்டறது ஸ்பெசிஃபிகேஷன்ல எந்தப் பாரான்னு சொல்லுங்கன்னாரு. பாரா 31, படம் 4ன்னேன். அவரு பக்கத்தத் தள்ளற சத்தம் மட்டும் கேக்குது. ஒரு பத்து செகண்டு இருக்கும், எனக்கு ஒரு யுகம். அப்புறம், ம், இருக்குன்னாரு. ஃபோர்மேன் அண்ணன் என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளுனாரு, அந்தப் படம் அவரு வரைஞ்சதாச்சே!

அடுத்த கேள்வி நல்ல கேள்வி. டி1ல கை இருக்கு, டி2ல இழுவைய சரி பண்றது இருக்கு, இந்தத் துறையில இருக்கற ஒருத்தர் ரெண்டையும் சேக்க மாட்டாரான்னு. நான் சொன்னேன், சேத்தா வர்றது கை ஒரு பக்கம், சென்சாரும் மோட்டாரும் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காத ஒரு மிஷின். கையோட அந்த முனையவே பிரேக்குக்கு வெக்கலாம்னு டி1லயும் ஒரு வரி இல்ல, டி2லயும் இல்ல. டி2க்காரரு சென்சார் பக்கமே போயிட்டாரு, கைய நெனைக்கவே இல்ல. நம்மளுதுல கைய கழட்டிட்டா சீப்பும் போச்சு பிரேக்கும் போச்சு, அப்ப அதது தனியா வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? இன்னொண்ணும் சொன்னேன். நம்ம சட்டத்துல கண்டுபிடிப்புத் திறனுக்கு செக்‌ஷன் 2ல குடுத்திருக்கற விளக்கத்துல தொழில்நுட்ப முன்னேற்றம் இருக்கணும் இல்லன்னா பொருளாதார முக்கியத்துவம் இருக்கணும், ரெண்டும் இருக்கலாம்னு இருக்கு. சென்சார், மோட்டார் டிரைவர் போர்டு ரெண்டும் இல்லாம அதே வேலை நடக்குதுன்னா சின்ன மிஷின் செய்யறவனுக்கு அது காசு விஷயம்தானே. இத ஏஜென்ட் ஒரு தடவைகூட தொடல. வெறும் காசு மிச்சம்னா மட்டும் பத்தாது, அது துறைக்காரருக்குத் தானா தோணக்கூடியதா இருக்கவும் கூடாது, அதனால அந்த வாதம் ரெண்டாவதாத்தான் வரணும்னு அக்கா பையன் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தான்.

இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. பேசுனதையெல்லாம் 15 நாளைக்குள்ள எழுத்துல குடுக்கணும், குடுத்தோம். மே மாசம் கிராண்ட், அதாவது பேடன்ட் கைக்கு வந்துருச்சு.

அப்ப எக்ஸாமினேஷனுக்கு ஏன் அஞ்சு குடுக்கல, நாலுதான்? ஒரு ஸ்டார குறைச்சது எக்ஸாமினருக்காக இல்ல, விதிக்காக. பேடன்ட் பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்ல இல்லன்னா இந்தியில மட்டும்தான் குடுக்கணும். அந்தக் கைய யோசிச்ச மனுஷனுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு தமிழ்ல கேட்டா கண்ண மூடிட்டு சொல்லுவாரு, ஆனா அவரு பேருல இருக்கற கிளெய்ம அவரால படிக்க முடியாது. வாலு விட்டுப் போச்சுன்னு டிராஃப்ட் வந்த அன்னிக்கே அவருதான் சொல்லியிருக்கணும், வாசிச்சுக் காட்டுனப்ப பாதி புரியாம விட்டுட்டாரு, அப்புறம் நான்தான் புடிச்சேன், அதுவும் தற்செயலா. நடுவுல ஒரு ஏஜென்ட் வந்து உக்கார்றதே இந்த எடத்துலதான். இங்கிலீஷ் தெரிஞ்சவருக்கு மிஷின் தெரியாது, மிஷின் தெரிஞ்சவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஏஜென்ட்டே வேண்டாம்னு சொல்லல. நல்ல ஏஜென்ட் இருந்தா இந்த டி1ஐ முதல்லயே புடிச்சு, வாலோடயே கிளெய்ம் எழுதி, எஃப்இஆர்ல பாதி ஆட்சேபம் வராமயே பண்ணியிருப்பாரு. போறப்ப ரெண்டு கேள்வி கேளுங்க, சர்ச்ல எந்த வகைப்பாட்டு எண் பாப்பீங்கன்னு ஒண்ணு, நீங்க எழுதுன ஒரு எஃப்இஆர் பதில காட்டுங்கன்னு ஒண்ணு. கேஸ் முடிஞ்ச ஃபைல் எல்லாம் பேடன்ட் ஆபீஸ் தளத்துல யாரு வேணா பாக்கலாம், விண்ணப்ப நம்பர் இருந்தாப் போதும். நம்பர்ல முதல் நாலு இலக்கம் வருஷம், அடுத்த இலக்கம் 4ன்னா சென்னை, அப்படியே புடிச்சுட்டுப் போங்க, அவரு எழுதுன பதில் எல்லாம் கெடைக்கும். நான் லேட்டாப் பாத்தேன். ஒரு மூணு ஃபைல்ல அதே ரெண்டு பக்கம், அதே மரியாதையோட மறுக்கிறோம்.

கிராண்ட் ஆனவங்களுக்கு ஒரு கடைசி விஷயம். 20 வருஷம் எண்றது ப்ரொவிஷனல் போட்ட தேதியில இருந்து, கிராண்ட் தேதியில இருந்து இல்ல. மூணாம் வருஷத்துல இருந்து ரெனியூவல் ஃபீஸ் ஓடும், நமக்கு கிராண்ட் வர்றதுக்குள்ள மூணாம் வருஷம் ஆரம்பிச்சாச்சு, அதனால ரெஜிஸ்டர்ல ஏறுன மூணு மாசத்துக்குள்ள கட்டணும். 800 ரூபாதான். யாரும் போன் பண்ணி ஞாபகப்படுத்த மாட்டாங்க, நீங்களே கேலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுக்கங்க.

சர்டிஃபிகேட் பிடிஎஃப்பா வந்துச்சு, கலர் பிரின்ட் எடுத்து சட்டம் போட்டு லேத்துக்கு மேல மாட்டியிருக்கோம், எண்ணெய் தெறிச்சு இப்பவே கண்ணாடி மங்கிருச்சு. பழைய ஏஜென்ட் போன பொங்கலுக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல நம்ம பேடன்ட் நம்பரப் போட்டு எங்கள் வெற்றிகளில் ஒன்றுன்னு கரும்புப் படத்தோட போட்டிருந்தாரு. ஃபோர்மேன் அண்ணன் அதுக்கு ஒரு கும்பிடு எமோஜி போட்டாரு. நான் ஒண்ணும் போடல.